கரடி கொண்டுவந்த ஈரல்

மக்பாவுக்கு மூச்சை விடவே யோசனையாக இருந்தது. விட்டால் அது புகையாக மேலே எழும்பி, ஆள் இங்கே படுத்திருக்கிறாள் என்று காட்டிக் கொடுத்துவிடும். பனிக்கட்டி மேட்டுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தாள். முழங்கைகள் மரத்துப்போய் யாருடையவையோ போல் இருந்தன. நெஞ்சு மட்டும் வண்டி எஞ்சின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் படுத்திருந்த புருஷன் குப்லு உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"பெரியவர் என்ன பண்றார்?"

"பந்தியில உக்காந்துட்டார்."

"நல்லா சாப்பிடட்டும். நீ கையை உதறாம இரு."

"என் கை உதறல. உன் பல்லுதான் தந்தி அடிக்குது."

விழுகிறவரை கரடி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தன்னைப் பற்றிப் பேசுவது அதன் காதில் விழும், பெருமையடித்தால் கோபித்துக்கொண்டு போய்விடும். அதனால் பெரியவர். அந்தப் பெரியவர் உறைந்த கடலில் ஒரு மூச்சுத்துளை ஓரம் காத்துக்கிடந்து, மூச்சு வாங்க வந்த சீல் என்னும் கடல்நாயை அப்போதுதான் வெளியே இழுத்துப் போட்டிருந்தார். வயிற்றைக் கிழித்துக் கொழுப்பை உரித்துக்கொண்டிருந்தார். வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

இந்தக் கரடிக்கு உரிமை மக்பாவுக்கு முந்தின நாள்தான் கிடைத்தது. ஊருக்கு இத்தனை கரடி என்று கணக்கு உண்டு. பேர்களைச் சீட்டில் எழுதி ஒரு காப்பி டப்பாவில் போட்டுக் குலுக்கி, உள்ளூர் ரேடியோவில் துக்காக் எடுத்துப் படிப்பாள். நேற்று ஒரு சீட்டைப் பிரித்துவிட்டுப் பேரைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஊரே ரேடியோவைத் திட்டியது. கடைசியில் சொன்னாள். "நான் செஞ்ச பொண்ணு. மக்பா."

துக்காக் மக்பாவின் சனாஜி. மக்பா பிறந்தபோது கொடியை அறுத்து, முதல் சட்டையை மாட்டிவிட்டவள் அவள். அப்போது அவளுக்கே பதினாறோ பதினேழோ. பெற்றவள் பெற்றாள், சனாஜி செய்தாள் என்பது அங்கே முறை. பிள்ளை வளர்ந்து எந்த வேட்டையில் முதல் தடவை எதைப் பிடித்தாலும் அது சனாஜிக்கு. மக்பாவின் முதல் மீனும் முதல் வாத்தும் முதல் மானும் துக்காக் வீட்டுக்குத்தான் போயின. இன்றைக்கு விழுந்தால் முதல் கரடி.

மக்பா மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். கரடி தலையைத் தூக்கி, முகத்தில் சிவப்போடு, நேராக அவள் பக்கம் பார்த்தது. துப்பாக்கி விசையை அழுத்தினாள்.

ஒரே வெடிதான். கரடி முன்னங்காலை மடக்கி, அலுத்துப்போன ஆள் படுக்கையில் சரிகிறதைப் போல், சீலின் மேல் சாய்ந்தது.

குப்லு துள்ளி எழுந்தான். பெண்டாட்டியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். அவள் பூட்ஸ் அவன் முட்டியில் இடித்தது.

"இறக்கு. முதல்ல தண்ணி."

கடலில் திரிகிறதெல்லாம் தாகத்தோடு திரிகிறது என்று மக்பாவின் அப்பா சொல்வார். அவள் ஒரு கை பனியை வாயில் போட்டுக் கரைத்து, குனிந்து, கரடியின் வாயில் அந்த நல்ல தண்ணீரை விட்டாள். அப்புறம் சீலுக்கும் விட்டாள். அதையும் ஒரு உயிர் என்று மதிக்க வேண்டுமே.

சீலின் வயிறு கிழிந்திருந்தாலும் உள்ளே ஈரல் ஒரு கீறல் இல்லாமல் கருஞ்சிவப்பாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. குப்லுவின் கை தானாக அங்கே போனது. சூடான பச்சை ஈரல் என்றால் அவன் செத்த வீட்டிலிருந்துகூட எழுந்து வந்துவிடுவான்.

மக்பா அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"ஒரே ஒரு துண்டு."

"சனாஜி கத்தி வைக்காம ஒருத்தரும் தொடக்கூடாது. கரடியும் அவங்களுது, கரடி புடிச்சதும் அவங்களுது."

"இதுக்கு நான் கரடியைக் கட்டிக்கிட்டிருக்கலாம்."

"அது உன்னைக் கட்டிக்காது."

அவள் ஈரலை அறுத்து ஒரு பையில் போட்டாள். கரடியின் வயிற்றைக் கீறி, பாரம் குறைய குடலை வெளியே இழுத்துப் போட்டார்கள். அடுத்த வேலை சட்டைப்பையில் இருந்தது. மிரேய் கொடுத்த சின்னச் சின்ன வெள்ளைத் தாள்கள். மிரேய் தெற்கிலிருந்து வந்திருந்த மிருக வைத்தியர். அவரை வரவழைத்ததே ஊர் வேட்டைக்காரர் சங்கம்தான். இரண்டு மூன்று குளிர்காலமாக மூட்டு வீங்கிய சீல் கிடைக்கிறது, முட்டி வீங்கிய மான் கிடைக்கிறது. புருசெல்லா என்று ஒரு கிருமி, பாக்டீரியா, அதன் வேலையாக இருக்கலாம் என்றார்கள். அப்படியானால் இதையெல்லாம் தின்கிற கரடிப் பெரியவர்களுக்கு என்ன ஆச்சு என்று சங்கம் கேட்டது. கரடி விழுந்ததும் நெஞ்சு இரத்தத்தில் தாளை நனைத்து உலர்த்திக் கொண்டு வாருங்கள், வேறு எந்த இரத்தமும் படக்கூடாது என்று மிரேய் ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்துச் சொல்லியிருந்தார்.

மக்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் கித்தான் துணியைக் கிழிக்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். கரைக்கும் அவர்களுக்கும் நடுவே பனியில் கறுப்பாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் யோசனைக்கு நேரமில்லை. சறுக்குவண்டியில் தார்ப்பாயை விரித்து சீலைத் தூக்கிப் போட்டார்கள். கரடியின் கழுத்தில் கயிறு கட்டி, பனிவண்டியால் இழுத்து, சீலின் மேலேயே ஏற்றினார்கள். மக்பா பின்னாலிருந்து தோளைக் கொடுத்தாள். இடுப்பு எலும்பு கழன்றுவிடும் போலிருந்தது. அதிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதடி, ஏறு."

விளிம்புக்கு வந்தபோது கோடு ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குத் திறந்திருந்தது. கீழே கடல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"புடிச்சுக்க," என்றான் குப்லு.

"நீ வாயை மூடிட்டு முறுக்கு."

முறுக்கினான். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. ஒரு கணம் அடியில் ஒன்றுமில்லை. பிறகு முதுகுத்தண்டில் இடி மாதிரி ஒரு குலுக்கல். பின்னால் பூட்டியிருந்த நீளச் சறுக்குவண்டி அந்தக் கறுப்புத் தண்ணீரின் மேல் பாலமாகக் கிடந்து, கரடியோடும் சீலோடும் ஆடி, இந்தப் பக்கம் ஏறி வந்தது. கரை தெரிகிறவரை இரண்டு பேரும் ஊளையிட்டுக்கொண்டே போனார்கள். தாள்களின் நினைவு அந்த இடைவெளியிலேயே விழுந்து போயிற்று.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வயர்லெஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

"மக்பா, உன் பெரியவர் எவ்வளவு பெரியவர்?"

"என் வீட்டுக்காரரை விட ஒல்லி," என்றாள் மக்பா.

"அழகுல?"

"அதைக் கேக்காத. பக்கத்துலயே உக்காந்திருக்கான்."

சங்கத்துக் கட்டடத்தின் முன்னால் வாளியும் பையுமாக ஊர் கூடிவிட்டது. ஆளுக்கொரு கத்தியோடு கரடியின் தோலை உரித்தார்கள். கரடியை ஊருக்கே பங்கு போடுங்கள் என்று ரேடியோவில் சொல்லிவிட்டு, துக்காக் நிலையத்து ஜன்னல் வழியே அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வேட்டையில் மக்பாவுக்கு ஒரு துணுக்குகூடக் கிடையாது. ஒவ்வொரு பையும் நிறைய நிறைய அவளுக்குத்தான் வயிறு நிறைந்தது. கரடியின் இதயத்தையும் சீலின் இதயத்தையும் துக்காக்குக்கென்று தனித்தனிப் பையில் கட்டி வைத்தாள். ஈரல் பையை அக்கா அபாக்கிடம் கொடுத்தாள்.

அபாக்குக்கு எட்டாம் மாதம். இதற்கு முன் ஒன்று தங்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் செத்துப்போன அவர்கள் அப்பாவின் பேரைத்தான் இந்தப் பிள்ளைக்கு வைப்பது என்று குடும்பமே முடிவு பண்ணிவிட்டது. பேர் வந்தால் ஆளும் வந்த மாதிரி. அதனால் மக்பா இப்போதே அந்த வயிற்றைப் பார்த்து அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்பா, ஈரல் வருது. அவசரப்படாதீங்க."

"காலையிலேருந்து உதைக்கறார்டி," என்றாள் அபாக். "கரடி விழுந்த சேதி போயிருக்கு. நான் சனாஜி வீட்டுல காத்திருக்கேன், சீக்கிரம் வா."

அவள் போன கொஞ்ச நேரத்தில் மிரேய் வந்து கையை நீட்டினார்.

"வாழ்த்து, மக்பா. தாள் எங்கே?"

மக்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இதோ, வண்டியில இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சறுக்குவண்டிக்கு ஓடினாள். உரித்த ஆட்கள் கரடியின் நெஞ்சுக்கூட்டைப் பனியால் துடைத்துப் பங்கும் போட்டுவிட்டார்கள். தார்ப்பாயின் மடிப்பில் மட்டும் குழம்பு மாதிரிக் கொஞ்சம் இரத்தம் தேங்கிக் கிடந்தது. கரடி கிடந்த பாய்தானே, கரடி இரத்தம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாள்களை அதில் தோய்த்தாள். கொண்டுபோய்க் கொடுத்தாள். மனசு அடுத்த நிமிஷமே விருந்துக்குத் தாவிவிட்டது.

உள்ளே மிரேய் தாளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தார். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஒரு சொட்டு விட்டு, பக்கத்தில் மருந்து ஒரு சொட்டு விட்டார். மருந்து நல்ல ரோஸ் நிறம். இரண்டையும் கலந்து ஓட்டை இப்படியும் அப்படியும் மெதுவாகச் சாய்த்தார். அந்தச் சின்ன மேஜையைச் சுற்றி அத்தனை தலை. ஹாக்கி ஆட்டத்துக்குக்கூட இவ்வளவு நெருக்கம் இருக்காது.

"கலங்காம இருந்தா ஒண்ணுமில்ல. திரிஞ்சா, இந்தக் கரடி அந்தக் கிருமியைப் பார்த்திருக்கு."

ரோஸ் நிறத்தில் மெல்ல மணல் மணலாகத் தெரிந்தது. அப்புறம் எலுமிச்சை பிழிந்த பால் மாதிரித் திரிந்து நின்றது.

"யார் ஜெயிச்சது?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"கிருமி."

"சீக்காளிக் கரடியா அது? என்னமா கொழுத்திருந்துச்சு."

மிரேய் தலையை ஆட்டினார். "சீக்குன்னு சொல்லல. எப்பவோ அந்தக் கிருமி உடம்புக்குள்ள வந்திருக்கு, உடம்பு அதோட சண்டை போட்டிருக்கு. அது ரத்தத்துல நிக்குது."

"தடம் மாதிரி," என்றான் குப்லு. "ஆள் போயிட்டான். கால் தடம் கிடக்கு."

"அதேதான். ஆள் இன்னும் உள்ள இருக்கானா, போயிட்டானான்னு தடம் சொல்லாது."

கூட்டத்தில் யாருக்கும் பயமில்லை. கரடிக்கறியை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. எலும்பு கழலக் கழல வேகவைத்துத்தான் வழக்கம். மிரேயும் அதையே சொன்னார். "வெந்தா இது செத்துடும். பச்சையா தின்னாதான் தொல்லை. அதுவும் மாசமா இருக்கறவங்க. கரு கலைஞ்சு போகலாம். நீங்க சீல் பச்சையா திம்பீங்கல்ல, அடுத்து அதைத்தான் பார்க்கணும்."

மக்பா சிரித்துக்கொண்டு நின்றவள் அப்படியே நின்றாள். தார்ப்பாய் அவள் கண்முன் விரிந்தது. மேலே கரடி. கீழே சீல். மடிப்பில் தேங்கியது யாருடைய இரத்தம்?

பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு நொடிகூட இல்லை.

"மிரேய், அந்தத் தாள் நெஞ்சுல நனைச்சது இல்ல. மறந்துட்டேன். வண்டிப் பாயில கிடந்ததுல தோய்ச்சேன். அதுல சீல் ரத்தமும் இருக்கு."

மிரேய் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. "அந்த சீல் எங்க?"

"ஈரல் என் அக்கா முன்னாடி இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் குப்லு வாசலைத் தாண்டிவிட்டான். வெளியே வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. மக்பா வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள். அதில் எவனோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மக்பா கரடியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்ட கதையை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் நுழைய வழியில்லை. நுழைந்தும் பயனில்லை. துக்காக் ரேடியோவில் பேசும்போது அவள் வீட்டில் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பார்கள்.

அப்படியானால் ரேடியோ. மக்பா சங்கத்துத் தொலைபேசியை எடுத்து நிலையத்துக்கு அடித்தாள். அங்கே கூப்பிடுகிறவர் குரல் நேரே ஊர் முழுக்கப் போகும்.

"யாரு? அட, நம்ம வேட்டைக்காரியே வந்துட்டா," என்றாள் துக்காக். "சொல்லுடி, நான் செஞ்ச பொண்ணே. எப்படிச் சுட்ட? ஊரே காதைத் தீட்டிட்டு இருக்கு."

ஊரே கேட்கிறது என்று மக்பாவுக்குத் தெரியும். இனி அவள் கிழவியாகிச் சாகிறவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்றும் தெரியும்.

"சனாஜி, அந்த சீல் ஈரலை யாரும் தொடக்கூடாது. அதுல கிருமி இருக்கலாம். நான் தப்பான ரத்தத்துல தாளை நனைச்சுட்டேன். என் தப்புதான். அக்கா, கேக்குதா? வாயில வெச்சிருந்தா துப்பு. அப்பா பேர்ல சொல்றேன், துப்பிடு."

மக்பா தொலைபேசியை ஆடவிட்டு ஓடினாள்.

இறுகிய பனியில் பூட்ஸ் சறுக்கச் சறுக்க ஓடினாள். ஒரு தரம் விழுந்தாள். எழுந்தாள். துக்காக் வீட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சமையலறைத் தரையில் அட்டை விரித்து, பிறைக்கத்திகளை முன்னால் வைத்துக்கொண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அட்டையின் நட்டநடுவே குப்லு, பனி ஒட்டின பூட்ஸைக்கூடக் கழற்றாமல், ஈரலை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உன் புருஷனைப் பாருடி," என்றாள் அபாக். "விருந்து மேல ஏறி நிக்கறான்."

மக்பா அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். "தின்னியா?"

"எங்கடி தின்ன? சனாஜி கத்தி வைக்காம எப்படித் தொடறது? அவங்க ரேடியோல உன் புராணத்தை முடிச்சாத்தானே வருவாங்க. பசியில உயிரே போகுது."

மக்பா அட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு உதை அவள் நெற்றியில் விழுந்தது.

"அப்பா அடிக்கறார்," என்றாள்.

"அடிக்கட்டும். உனக்கு வேணும்."

துக்காக் அங்கியை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். ரேடியோவில் ஏதோ பிடில் பாட்டைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் முதலில் அபாக்கைப் பார்த்தாள், அப்புறம் மக்பாவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மிரேய் இரண்டு இதயங்களோடு அங்கேயே வந்துவிட்டார். இந்தத் தடவை மேஜை துக்காக்கின் சமையல் மேஜை. ஒரு இதயத்திலிருந்து ஒரு சொட்டு, இன்னொன்றிலிருந்து ஒரு சொட்டு, சுத்தமான கத்தி, தனித்தனி ஓடு. அபாக் நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சீலின் சொட்டு, ஓட்டைச் சாய்த்ததுமே திரிந்து கட்டிகட்டியாக நின்றது.

அபாக் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். மக்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கரடியின் சொட்டு கொஞ்சம் யோசித்தது. அப்புறம் அதுவும் மணல் மணலாகத் திரிந்தது.

"பெரியவர் இதையே தின்னுதான் வளர்ந்திருக்கார்," என்றாள் துக்காக். "கிருமியைப் பார்த்தும் கொழுத்து நின்னார் பாரு."

"தெற்குக்கும் அனுப்பி இன்னொரு தடவை பார்க்கணும்," என்றார் மிரேய். ஆனால் அவர் கண்ணும் பளபளத்தது. ஊர் கேட்ட கேள்விக்கு முதல் பதில் அந்த மேஜை மேல் கிடந்தது. கரடியைத் தொட்டவர்கள், சீலைத் தொட்டவர்கள் எல்லாரையும் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். நாளைக்கு மருத்துவமனையில் ஒருத்தர் விடாமல் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். குப்லு கையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தான். பனியில் வாங்கிய அடி இன்னும் சிவந்திருந்தது.

"அந்த அடி மட்டும் விழலேன்னா," என்றான்.

"தெரியுதா, எதுக்கு அடிச்சேன்னு?"

"அப்ப உனக்கே தெரியாது."

ஈரல் பானைக்குப் போனது. துக்காக் ரேடியோவுக்குத் திரும்பிப் போய், ஊரில் யார் வீட்டில் சீல் இருந்தாலும் வேகவைத்துத் தின்னுங்கள், மூட்டு வீங்கினது கண்ணில் பட்டால் மிரேயிடம் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மக்பா பாயில் தாள் தோய்த்த கதையையும் விடாமல் மூன்று தடவை சொன்னாள். அவள் வந்தபோது ஈரல் வெந்து வெந்து சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தது. பிறைக்கத்தியால் முதல் துண்டை வெட்டி வாயில் போட்டாள். எல்லாரும் பார்த்தார்கள். மென்றாள். மறுபடி மென்றாள்.

"நான் செஞ்ச பொண்ணு," என்றாள் கடைசியில், "முதல் கரடியில எனக்கு பூட்ஸ் அடித்தோலைக் குடுத்திருக்கா."

அப்புறம் அந்த வெந்த ஈரலில் பெரிய துண்டை அபாக்குக்குத்தான் நீட்டினாள். அபாக் அதை வாங்கி, குனிந்து வயிற்றிடம் சொன்னாள். "அப்பா, வெந்ததுதான் கிடைக்கும். சண்டை போடாதீங்க."

வெளியே இன்னும் வெயில். கதவைத் தட்டித் தட்டி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், கறிக்காக இல்லை. எனக்குப் பத்துத் தாள் குடுங்க, என் மச்சான் நேத்து ஓநாய் புடிச்சான், அதைப் பார்க்கலாமா, நரிக்குப் பார்ப்பீங்களா என்று மிரேயைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரிடம் இருந்த தாள்கட்டு வேகமாகக் கரைந்தது.

ரேடியோவில் துக்காக்கின் மகள் அடுத்த சீட்டை எடுத்தாள். அம்மாவைப் போலவே அவளும் முதலில் சிரித்தாள். குப்லு.

வீடு இரண்டுபட்டது. குப்லு வாயில் ஈரலோடு எழுந்து நின்றான். மக்பா ஒரு தாள்கட்டை எடுத்துக் கயிறு கோத்து அவன் கழுத்தில் மாட்டி, முடிச்சை இறுக்கினாள்.

"விழுந்ததும் முதல்ல இது. நெஞ்சுல."

"தண்ணி?"

"தண்ணி நான் குடுக்கறேன். பனி பிளந்தாலும் சரி, கடலே வந்தாலும் சரி, நீ இதை நனைக்காம வண்டியில ஏறக்கூடாது."

"சரி. அப்ப ஈரல்?"

அபாக்கும் துக்காக்கும் ஒன்றாகச் சொன்னார்கள். "வேக வெச்சு."